நோத்ர தாம்: ஐந்து நட்சத்திரமும் தீயணைப்பு வீரர்களுக்கே

பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன், ஆனால் அது பாரிஸ் தீயணைப்புப் படைக்குப் போய்ச் சேர வேண்டியது. உள்ளே போகக் கட்டணம் இல்லை, வரிசை நீளம், சரி, அதை விடுங்கள். 2019 ஏப்ரல் 15 அன்று கூரை எரிந்து ஊசிக் கோபுரம் சரிந்ததை நேரலையில் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருத்தி. அன்று வடக்கு மணிக்கோபுரத்துக்குள்ளும் தீ புகுந்துவிட்டது. மரச்சட்டத்தில் தொங்கும் அந்தக் கனத்த மணிகள் விழுந்திருந்தால் கோபுரம் இடிந்திருக்கும், அதோடு மொத்தக் கட்டடமுமே போயிருக்கலாம், அது தெரிந்தும் ஒரு சிறு குழு தண்ணீர்க் குழாயோடு மேலே ஏறியது. சுமார் 400 பேர், சேன் நதித் தண்ணீரை இறைத்து, விடிய விடியப் போராடினார்கள். இயேசுவின் தலையில் சூட்டப்பட்டதாக நம்பப்படும், அங்கே வைத்திருந்த முள்முடியைக்கூடப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தார்கள்! அப்புறம் ஐந்து வருடத்துக்கு மேல் சீரமைப்பு நடந்து, 2024 டிசம்பரில் கதவு திறந்தது.

வட்டமான ரோஜா சன்னல்களின் பழைய கண்ணாடி அப்படியே தப்பியிருக்கிறது. அதன் நீல ஒளி தரையில் விழுந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றேன். உயிரைப் பணயம் வைத்து அந்தப் படியேறியவர்களே, உங்களுக்குக் கோடி நன்றி.