வசந்தகாலப் பாறைப் பயணத்துக்கு டிரெயில்ஃபோர்க்ஸ் செயலி: திட்டமிடும் கருவியாக ஒரு மதிப்பீடு

மார்ச்சிலும் ஏப்ரலிலும் குளிர்நாடுகளின் காட்டுப் பாதைகள் பனியில் புதைந்து கிடக்கும். பனி உருகிய இடங்களில் சேறு நிற்கும். அந்த வாரங்களில் மலை மிதிவண்டி ஓட்டுபவர்கள் வெயிலைத் தேடி யூட்டா, அரிசோனா போன்ற வறண்ட பாறை நிலங்களுக்கும், ஐரோப்பாவில் இருப்பவர்கள் இத்தாலியின் ஃபினாலே லிகுரே போன்ற கடலோர மலைகளுக்கும் புறப்படுகிறார்கள். முன்பின் பார்த்திராத நிலத்தில், சில நாட்களே கையில் இருக்கும்போது, எந்தப் பாதையை எந்த நாளில் ஓட்டுவது என்று முடிவு செய்ய அவர்களில் பலர் திறப்பது டிரெயில்ஃபோர்க்ஸ் செயலியைத்தான். ஓட்டும்போது வழிகாட்டும் வரைபடமாக அதன் தரம் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து புறப்படும் முன் பயணத்தைத் திட்டமிட அது எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மலை மிதிவண்டிச் செய்தித் தளமான பிங்க்பைக்கின் முயற்சியாக வளர்ந்த இந்தச் செயலி, 2021-இல் பிங்க்பைக்கோடு சேர்த்து அவுட்சைடு என்ற ஊடக நிறுவனத்தின் கைக்குப் போனது. பாதைகளைச் சேர்ப்பதும் திருத்துவதும் பெரும்பாலும் ஓட்டுநர்களும் அந்தந்த வட்டாரப் பாதைப் பராமரிப்புச் சங்கங்களுமே. ஒவ்வொரு பாதைக்கும் தனிப் பக்கம் உண்டு. அதில் நீளம், மொத்த ஏற்ற இறக்கம், உயர வரைபடம், கடின அளவு, எந்தத் திசையில் ஓட்ட வேண்டும் என்ற குறிப்பு, மற்றவர்கள் ஏற்றிய படங்கள், காணொளிகள், அண்மை நிலவர அறிக்கைகள் ஆகியவை இருக்கும். புதியவர்கள் முதலில் வரைபடத்தின் வண்ணக் கோடுகளிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். வசந்தகாலப் பயணத்துக்கு என் கணிப்பில் அதிகம் பயன்படுபவை இரண்டு: உயர வரைபடம், தேதியிட்ட நிலவர அறிக்கை. இவை இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் செயலியின் பாதி மதிப்பு கைக்கு வந்துவிடும்.

யூட்டாவின் மோவாப் நகரை எடுத்துக்கொள்ளலாம். நகரம் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரலில் பகல் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஓட்டுவதற்கு அதைவிட இனிய பருவம் இல்லை. ஆனால் அங்கே போகும் எல்லோரும் ஆசைப்படும் 'ஹோல் என்சிலாடா' என்ற நெடும்பாதை, லா சால் மலைத்தொடரில் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள பர்ரோ கணவாயில் தொடங்கி, கொலராடோ ஆற்றங்கரை வரை இறங்குகிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கை வைத்துப் பார்த்தாலே, கீழே மக்கள் அரைக்கை சட்டையில் திரியும் நாளில் கணவாயில் வெப்பம் சுமார் 14 டிகிரி குறைவாக இருக்கும் என்பது புரியும். குளிர்காலம் முழுவதும் சேர்ந்த பனி அங்கே கோடையின் தொடக்கம் வரை கிடக்கும். எனவே வசந்தத்தில் ஓட்டுநர்களை மேலே ஏற்றிச் செல்லும் ஷட்டில் வண்டிகள், பனி எதுவரை விலகியிருக்கிறதோ அதுவரைதான் போகும். பனி பின்வாங்கப் பின்வாங்க இறக்கிவிடும் இடமும் படிப்படியாக மேலே ஏறும். கடைசிப் பகுதியான போர்க்குபைன் ரிம் பாதை மட்டும் திறந்திருக்கும் வாரத்தில், முழுப் பாதையையும் நம்பி நாள் ஒதுக்கியவருக்குப் பயணத்தின் முக்கியமான நாளே கைவிட்டுப் போகும்.

இதை டிரெயில்ஃபோர்க்ஸ் தெளிவாகக் காட்டுகிறது என்பதே என் முதல் பாராட்டு. நெடும்பாதையின் ஒவ்வொரு துண்டும் தனிப் பாதையாகப் பதிவாகியிருப்பதால், எந்தத் துண்டு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். பாதை நிலவரம் நான்கு நிறங்களில் வருகிறது: பச்சை தடையற்றது, மஞ்சள் சிறு சிக்கல், ஆரஞ்சு குறிப்பிடத்தக்க சிக்கல், சிவப்பு மூடப்பட்டது. தரையின் தன்மைக்குத் தனிக் குறிப்பு: உலர்ந்தது, ஈரம், சேறு, பனி மூடியது, இரவில் உறைந்து பகலில் இளகுவது எனப் பல. கடைசியாகச் சொன்ன வகையை வசந்தப் பயணி குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். அத்தகைய பாதை காலை 8 மணிக்குக் கல்லாக இருக்கும். நண்பகலில் சக்கரத்தை விடாத களியாகும். கொலராடோவின் ஃப்ரூட்டாவிலும் யூட்டாவின் சில பகுதிகளிலும் களிமண் அதிகமுள்ள பாதைகளில் ஒரு மழை பெய்தால்கூட ஓட்ட முடியாது. ஓட்டினால் சக்கரம் பதிந்த பள்ளங்கள் காய்ந்து இறுகி, அடுத்த பராமரிப்பு வரை அப்படியே நிற்கும். அந்த அறிக்கையைப் பார்த்தபின் அன்றைக்கு மணற்பாறைப் பாதைக்கு மாறிக்கொள்வது அறிவுடைமை. பாறை விரைவில் காய்ந்துவிடும்.

அறிக்கைகளின் குறையையும் சொல்ல வேண்டும். யாராவது போய்ப் பார்த்து எழுதினால்தான் அறிக்கை உண்டு. ஆள் குறைவாகப் போகும் பாதையில் கடைசி அறிக்கை மூன்று வாரம் பழையதாக இருக்கும். ஆனால் பச்சை நிறம் அப்படியே இருக்கும். நிறத்தைப் பார்க்கும் முன் தேதியைப் பாருங்கள். உயர்ந்த பாதைகளுக்கு அமெரிக்க வேளாண் துறை நடத்தும் ஸ்நோடெல் தானியங்கி நிலையங்களின் பனி ஆழ அளவை ஒத்துப் பார்ப்பது நல்லது. லா சால் மலையிலேயே அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே அந்த எண் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று கவனித்துவந்தால், போகும் வாரத்தில் பனி எல்லை எங்கே இருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். மனிதர் எழுதும் அறிக்கையும் கருவி அளக்கும் எண்ணும் சேர்ந்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

அடுத்தது கடின அளவு. பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று பனிச்சறுக்குச் சரிவுகளைப் போன்ற குறியீடுகள் பயன்படுகின்றன. குறியீடு ஒன்றாகவே இருந்தாலும், அதை இடுபவர்கள் அந்தந்த வட்டாரத்தவர்கள். அவர்களின் கண்ணுக்கு எது சாதாரணமோ அதுவே நடுத்தரமாகிறது. மென்மையான காட்டு மண்ணில் நீலப் பாதைக்குப் பழகியவர், படிகளாக உடைந்த பாறை விளிம்பில் ஓடும் நீலப் பாதையில் அடிக்கடி இறங்கி நடப்பார். அரிசோனாவின் செடோனாவில் உள்ள ஹைலைன் போன்ற பாதையில் நுட்பத்தின் கடினத்தோடு பக்கத்துச் சரிவின் ஆழமும் சேர்ந்துகொள்கிறது. அந்த அச்சத்தை ஒரு கறுப்பு வைரம் சொல்லிவிடாது. இங்கே எனக்கு உதவுவது மற்றவர்கள் ஏற்றிய காணொளிகள். தலைக்கவசக் கேமரா சரிவை எப்போதும் மட்டமாகவே காட்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் பயிற்சி வண்டியை மிதித்தவர்களுக்குக் கால்வலு இருக்கும். ஆனால் பிரேக் பிடிக்கும் விரல்களும் சமநிலையும் சில மாதங்களாக வேலை செய்யாமல் இருந்திருக்கும். ஆகையால் முதல் நாளுக்கு, வழக்கமாக ஓட்டும் நிறத்தைவிட ஒரு படி குறைந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பேன்.

தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைக் கணக்கிடுவது பாறை நிலத்தில் பெரிதும் ஏமாற்றும். மோவாபின் ஸ்லிக்ராக் பாதை, 1969-இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்காக அமைந்தது, சுற்றாக சுமார் 16 கிலோமீட்டர்தான். காட்டுப் பாதையில் அந்தத் தூரம் ஒரு காலை உலா. அங்கே அடுத்தடுத்து வரும் செங்குத்தான பாறை மேடுகளில் ஏறி இறங்க மூன்று, நான்கு மணி நேரம் ஆவது இயல்பு. நிழல் இல்லை, குடிநீரும் இல்லை. செயலியில் மற்றவர்களின் பதிவுகளிலிருந்து கணக்கிட்ட சராசரி நேரம் தரப்படுகிறது. அந்த எண்ணைத் தூரத்துக்கு மேலாக மதியுங்கள். தங்கள் ஓட்டத்தைப் பதிவு செய்பவர்கள் பொதுவாக அனுபவம் மிக்கவர்கள் என்பதால், அதோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது என் வழக்கம்; தண்ணீரையும் அந்தக் கூடிய நேரத்துக்கு ஏற்பவே நிரப்பிக்கொள்கிறேன்.

சட்டமும் அனுமதியும் தொடர்பாக இந்தச் செயலியை மட்டும் நம்பியிருப்பது போதாது. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 'வில்டர்னஸ்' என்று அறிவிக்கப்பட்ட காப்பு நிலங்களில் மிதிவண்டிக்கு இடமில்லை. செடோனாவைச் சுற்றி அத்தகைய எல்லைகள் பல பாதைகளுக்கு மிக அருகில் வருகின்றன. கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் வைட் ரிம் சாலையைச் சுற்றிவர விரும்புபவர், ஒரே நாளில் முடிப்பதானாலும் இரவு தங்குவதானாலும், பூங்காவிடம் முன்னதாகவே அனுமதி பெற வேண்டும். இரவு தங்கும் இடங்களுக்கு வசந்தத்தில் போட்டி மிக அதிகம். பாதையின் பக்கத்தில் இவை குறிப்பாக எழுதப்பட்டிருந்தாலும், நிலத்தை நிர்வகிக்கும் அலுவலகத்தின் அறிவிப்பே இறுதியானது. இன்னொன்றும் உண்டு. அந்தப் பாலை நிலத்தில் கறுத்து, முண்டு முண்டாகத் தெரியும் மேல்மண் உயிருள்ளது; நீலப்பச்சைப் பாசிகளும் லைக்கன்களும் சேர்ந்து மணலைப் பிடித்துவைக்கும் மெல்லிய ஓடு அது. ஒரு சக்கரத் தடம் அதை உடைத்தால் மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகலாம். வரைபடத்தில் இரண்டு பாதைகளுக்கு நடுவே குறுக்கு வழி போலத் தெரியும் வெற்றிடத்தை வெற்றிடம் என்று எண்ணிவிடக் கூடாது.

பயன்பாட்டு வசதியில் பெரிய குறையில்லை. வழி வகுக்கும் வசதியில் பாதைத் துண்டுகளைக் கோத்து ஒரு நாளுக்கான வட்டத்தை உருவாக்கி, அதன் மொத்த ஏற்றத்தைப் பார்க்கலாம். இரவில் விடுதியில் உட்கார்ந்து மறுநாளைத் திட்டமிடுபவருக்கு இது மிகவும் உகந்தது. பள்ளத்தாக்குகளில் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காது என்பதால், வேண்டிய பகுதியின் வரைபடத்தை வைஃபை உள்ள இடத்திலேயே பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். பதிவிறக்கிய பின் விமானப் பயன்முறைக்கு மாற்றி ஒரு முறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த காலையும் இடையறாத ஜிபிஎஸ்ஸும் பேட்டரியை விரைவில் தின்றுவிடும். கூடுதல் மின்கலம் ஒன்று பையில் இருக்கட்டும்.

எந்தச் செயலியும் சொல்லாத ஒன்றைப் போகிற போக்கில் குறிப்பிடுகிறேன். யூட்டா மார்ச்சின் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது. அரிசோனா, நவாஹோ நிலப்பகுதி நீங்கலாக, தள்ளுவதில்லை. ஒரே பயணத்தில் இரண்டு மாநிலங்களிலும் ஷட்டில் முன்பதிவு செய்பவர்கள் நேரத்தை இருமுறை சரிபார்க்க வேண்டும். தென் அரிசோனாவுக்குப் போகிறவர்கள் உள் டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரில், துளைகளை அடைக்கும் திரவமான சீலன்ட்டைப் புதிதாக ஊற்றிக்கொள்வது கட்டாயம். அங்கே வளரும் சோயா (cholla) என்ற கள்ளியின் முட்களுக்குச் சாதாரண டியூப் தாங்காது. அங்கே பருவமும் சீக்கிரம் முடிந்துவிடும். ஃபீனிக்ஸில் மே மாதப் பிற்பகல்கள் இயல்பாகவே 35 டிகிரியைத் தொடும்.

சந்தா கட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில் பயணத்தின் தன்மையைப் பொறுத்தது. இலவசக் கணக்கில் கிடைப்பது வரம்புக்கு உட்பட்டது. பல பகுதிகளின் வரைபடத்தைக் கைபேசியில் தடையின்றிப் பார்க்கச் சந்தா வேண்டும். வழிகாட்டியோடு போகும் குழுவில் சேர்ந்துவிட்டவர்களுக்கு அது தேவையே இல்லை. பனி எல்லையும் அனுமதியும் வழிகாட்டியின் பொறுப்பு. தாமாகவே வண்டியையும் வழியையும் பார்த்துக்கொண்டு, இரண்டு மூன்று ஊர்களுக்கு இடையே வானிலைக்கு ஏற்ப நகரும் எண்ணத்தில் இருப்பவர்கள் தயங்காமல் கட்டலாம். அவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள், முன்பதிவுகளைச் செய்வதற்கு முன்பே சந்தாவைத் தொடங்குங்கள் என்பதுதான். ஏனென்றால் விடுதி எந்த ஊரில், ஷட்டில் எந்த நாளில் என்பவற்றை முடிவு செய்ய உதவும் அறிக்கைகளும் உயர வரைபடங்களும் அந்த நேரத்தில்தான் அதிகம் தேவைப்படும்.