விரல் நுனியா, வெறும் வயிறா, மூன்று மாதச் சராசரியா?

சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சேலத்துக்காரர்கள் முன் மூன்று வழிகள். வீட்டுக் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு. ஆய்வகத்தில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்பும் இரண்டு முறை ரத்தம். இல்லையென்றால் எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரி. மூன்றுக்கும் வேலை வேறு. அது தெரியாமல்தான் பலர் ஒன்றின் எண்ணைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பொய் என்கிறார்கள்.

நோய் உண்டா, இல்லையா என்று முடிவு செய்ய என் ஓட்டு ஆய்வகத்துக்கே. எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் கொடுத்த ரத்தத்தில், டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய். 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. அடங்காத தாகம், இரவெல்லாம் சிறுநீர், காரணமில்லாமல் உடல் மெலிவது ஆகியவை இல்லாதவர்கள் இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். சாப்பிட்ட பின் வரும் எண்தான் கொஞ்சம் வழுக்கும்: ஜவ்வரிசி உப்புமா சாப்பிட்டுப் போனவரும் இரண்டு இட்லியோடு போனவரும் ஒன்றா? 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்த வம்பில்லை. அதில் 200 தொட்டால் சர்க்கரை நோய்.

எச்பிஏ1சிக்குப் பட்டினி வேண்டாம். கொலுசுப் பட்டறையில் இருப்பவர் மதிய இடைவேளையில் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருப்பவர்களையும் (எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு) இது காட்டிக்கொடுத்துவிடும். 6.5 சதவீதம் முதல் சர்க்கரை நோய். ஆனால் இது அளப்பது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை. இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகை இருந்தால் எண் கூடுதலாக வரக்கூடும். அண்மையில் ரத்தம் நிறைய இழந்திருந்தால் குறையும். ரத்தசோகை நம் பெண்களிடம் இவ்வளவு பரவியிருக்கும்போது, இதை மட்டும் நம்பி ஆயுளுக்கும் மாத்திரை தொடங்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

குளுக்கோமீட்டர் நோயைத் தீர்மானிப்பதற்கல்ல, தீர்மானித்த பின் கட்டுக்குள் வைப்பதற்கு. ஆய்வகத்தில் 130 என்றால் இது 111 காட்டினாலும் 149 காட்டினாலும் கருவி பழுதில்லை; 15 சதவீதம் முன்பின் அனுமதிக்கப்பட்டதுதான். மாம்பழக் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மல்கோவாவைத் தோல் சீவிய கையோடு விரலில் குத்தினால் எண் எகிறும். அது விரலில் ஒட்டிய சாறு. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் முழுதாகப் போகாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும்.

குளுக்கோமீட்டருக்கு ஈடில்லாத இடம் ஒன்று உண்டு. இன்சுலினோ, சர்க்கரையை மிகவும் இறக்கக்கூடிய மாத்திரையோ எடுக்கும் சங்ககிரி லாரி ஓட்டுநருக்கு நடுவழியில் கை நடுங்கி வியர்த்தால், மூன்று மாதச் சராசரி எதற்கு உதவும்? வண்டியை ஓரங்கட்டிப் பார்க்க வேண்டும். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி ஒரு குத்து. ரத்தச் சொட்டை வைக்கும் ஸ்டிரிப் இருக்கும் டப்பாவை மட்டும் முன்கண்ணாடி வெயிலில் வைக்கக் கூடாது. சூடேறிய ஸ்டிரிப் தப்பாகக் காட்டும்.