பாஸிவ் 3டி டிவி: படம் அபாரம், உயரம்தான் தலைவலி

பேக்லைட் ஸ்ட்ரிப் (திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்குப் பட்டை) மாற்றி எங்கள் வீட்டு பாஸிவ் 3டி டிவி மறுபடியும் சுவரேறிய வாரத்திலேயே நண்பரிடமிருந்து கேள்வி: “செகண்ட் ஹேண்டில் பாஸிவ் 3டி டிவி ஒண்ணு வருது, வாங்கலாமா?” ஒரு வார்த்தையில் முடிகிற பதில் இல்லை.

பாஸிவ் என்றால் பேட்டரி இல்லாத சாதாரணக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் வகை; திரையே இரு கண்ணுக்குமான படங்களைப் பிரித்துத் தரும். படத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. 55 அங்குல 4கே பேனலில் 2160 வரிகள். ஒன்று விட்டு ஒன்று இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் போவதால் கண்ணுக்கு 1080. ப்ளூரே 3டி டிஸ்க்கில் இருப்பதும் அதே 1080தான், ஒரு வரிகூட வீணாவதில்லை. பழைய ஃபுல் எச்டி பாஸிவ் டிவிகளில் கண்ணுக்கு 540தான் கிடைத்தது. சாய்கோடுகளில் படிக்கட்டு தெரியும். ஆக்டிவ் ஷட்டர் வகையில் தெளிவு உண்டு, ஆனால் கண்ணாடி இரு கண்ணையும் மாறி மாறி மூடித் திறக்கும் துடிப்பும் உண்டு, பாதிப் படத்தில் பேட்டரி தீர்வதும் உண்டு. பாஸிவ் டிவிக்கு ரியல்டி என்ற 3டி முறை உள்ள தியேட்டரில் தரும் வட்டப் போலரைஸ்டு கண்ணாடியே (ஒளி அலை சுழலும் திசையை வைத்து இரு கண் படங்களைப் பிரிப்பது) போதும். கையிலிருப்பது அந்த வகைதானா என்று பார்க்க, அதை மாட்டிக்கொண்டு ஒரு கண்ணை மூடி நிலைக்கண்ணாடி முன் நில்லுங்கள். திறந்திருக்கும் கண்ணின் லென்ஸ் கறுப்பாகத் தெரிந்தால் வட்டப் போலரைசேஷன். மூடிய கண்ணின் லென்ஸ் கறுத்தால் நேர்கோட்டு வகை. இந்த டிவிக்கு உதவாது.

இனி தலைவலி. வரிகளை இரு கண்ணுக்கும் பிரிக்கும் போலரைசேஷன் ஃபிலிம் பேனல் கண்ணாடியின் வெளிப்பக்கம் இருக்கிறது, பிக்சல் உள்ளே. இரண்டுக்கும் நடுவில் கண்ணாடியின் கனம். நேராகப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் தனக்கு உரிய ஃபிலிம் பட்டை வழியே வரும். மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் பக்கத்துப் பட்டைக்குள் நழுவும். இடக்கண் படம் வலக்கண்ணில் நிழலாக விழும். 55 அங்குல 4கேயில் ஒரு வரியின் உயரம் ஏறக்குறைய 0.32 மில்லிமீட்டர், அதே அளவு ஃபுல் எச்டியில் இதைப்போல இரு மடங்கு. கண்ணாடியின் கனம் அதே விகிதத்தில் குறையாவிட்டால் 4கேயில் கோணத்துக்கான இடம் இன்னும் சுருங்கும். தெளிவைக் கூட்டிய அதே மாற்றம்தான் உட்காரும் இடத்தைக் குறுக்குகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் வீடுகளில் டிவியை உயரத்தில்தான் மாட்டுகிறார்கள். திரையின் நடுப்புள்ளி 150 செ.மீ., சோபாவில் உட்கார்ந்தவர் கண் 105, தூரம் 270 என்றால் கோணம் 9.5 டிகிரி. திரையின் மேல் விளிம்புக்கு 16ஐத் தாண்டும். அதனால்தான் நிழல் எப்போதும் மேலே இருக்கும் தெருவிளக்கு, நிலா, வெள்ளை எழுத்து ஆகியவற்றில் முதலில் தெரிகிறது. டில்ட் பிராக்கெட் வாங்கி மேல் விளிம்பு முன்னால் வரும்படி 9, 10 டிகிரி சாய்த்தால் தீரும். ஆனால் தரையில் பாய் போட்டு உட்காரும் பிள்ளைகளின் கண் 75 செ.மீ.தான்! சோபாவுக்கும் பாய்க்கும் ஆறு டிகிரிக்கு மேல் வித்தியாசம். இரண்டு வரிசைக்கும் ஒரே நேரத்தில் சரிசெய்ய வழியே இல்லை. குடும்பத்தோடு பார்க்கத்தானே 3டி? அதில்போய் இப்படியொரு ஓட்டையா என்று எரிச்சல் வராத நாளில்லை.

கண்ணில் கண்ணாடி மாட்டத் தேவையில்லாத 3டியில் இதே சிக்கல் இடவலமாக வரும். 2011இல் வந்த நிண்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவியில் தலை சற்று நகர்ந்தாலே படம் உடையும்; 2014இல் வந்த புதிய மாடல் கேமராவால் முகத்தைப் பின்தொடர்ந்து அதைச் சரிசெய்தது. ஒட்டிய ஃபிலிமுக்கு அந்த வசதி கிடையாது.

செட்டிங்கில் அதிகம் நோண்ட வேண்டாம். மாட்டும் கண்ணாடி வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும், 3டியில் மட்டும் பேக்லைட்டைக் கூட்டுங்கள். அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூதிங்கை அணையுங்கள். 2டியை 3டியாக்கும் பட்டனைத் தொடவே வேண்டாம். பிளேயருக்கும் டிவிக்கும் நடுவில் ஒலியைப் பிரித்தெடுக்கும் பழைய ஏவி ரிசீவர் எச்டிஎம்ஐ 1.4க்கு முந்தையது என்றால் 3டி அதன் வழியே போகாது; பிளேயரை நேராக டிவியில் செருகி, ஒலியை ஆப்டிகல் கேபிளில் எடுங்கள்.

திரையைத் துடைக்க ஸ்பிரிட், அமோனியா கலந்த கிளீனர் கூடாது, ஃபிலிம் கெட்டுவிடும். லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணி போதும். பேக்லைட் ஸ்ட்ரிப் பேனலுக்குப் பின்னால் இருப்பதால் அதை மாற்றுவதால் 3டிக்கு ஒன்றும் ஆகாது. பேனலையே மாற்றச் சொன்னால் உஷார்: ஃபிலிம் இல்லாத பேனல் போட்டால் மெனுவில் 3டி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. 2017 மாடல்களிலிருந்தே எல்ஜியும் சோனியும் 3டியைக் கைவிட்டுவிட்டன, பொருத்தமான பேனல் கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஆகவே நண்பருக்குச் சொன்னது: வாங்க வேண்டாம். உங்களிடம் இருப்பதை விற்பீர்களா என்றால், மாட்டேன்.

அப்படியும் பார்க்கப் போவதென்றால் பென் டிரைவில் நீங்களே செய்த ஒரு சோதனைப் படம் கொண்டுபோங்கள். 1920க்கு 1080 பிக்சல், கறுப்புப் பின்னணி. இடப் பாதியின் நடுவில் வெள்ளையில் ‘இ’, வலப் பாதியின் நடுவில் ‘வ’. டிவியை, இடப் பாதியை இடக்கண்ணுக்கும் வலப் பாதியை வலக்கண்ணுக்கும் தரும் சைட் பை சைட் மோடில் வைத்து, கண்ணாடி போட்டு, வலக்கண்ணை மூடுங்கள். ‘இ’ மட்டும் தெரிய வேண்டும். மெதுவாக உட்கார்ந்து எழுந்திருங்கள். எந்த உயரத்தில் ‘வ’ சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்க்கிறதோ, அதை டேப் வைத்து அளந்து வீட்டுச் சோபாவோடு ஒப்பிடுங்கள்.