ஏப்ரிகொட் ஒட்டுக்கன்று என்று 280 டொலர் சுருட்டிவிட்டார்கள், கவனம்!

ரொறன்ரோ பக்கம் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கிற ஆக்கள் தயவுசெய்து வாசியுங்கோ. 280 டொலர் போய்விட்டது. கன்று விற்ற ஆள் இன்று காலை என் நம்பரையே தடுத்துவிட்டார். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கோ.

முகநூலில் விளம்பரம் போட்டு, பழமரக் கன்றுகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற ஒரு சின்ன வியாபாரம். எடுத்தவுடனே தமிழில் கதைத்தார். "அக்கா, இது ஹார்கொட். இங்க ஒன்ராறியோவில, ஹாரோ ஆராய்ச்சி நிலையத்தில உருவாக்கின இனம். எங்கட குளிரைத் தாங்கும்." அது உண்மையான தகவல். நானும் வாசித்திருந்தேன். இவ்வளவு விஷயம் தெரிந்த ஆள் என்று அந்த இடத்தில்தான் நம்பிக்கை வந்தது. "தனிய நிண்டா காய்க்காது, சோடியா வையுங்கோ" என்றார். இரண்டுக்கும் சேர்த்து 280 டொலரை ஈ-ட்ரான்ஸ்ஃபர் செய்தேன்.

கன்றுகள் வந்தபோது அடித்தண்டில் ஒரு சாண் உயரத்துக்குப் பச்சை டேப் இறுக்கிச் சுற்றியிருந்தது. "ஒட்டின இடம் அக்கா. கோடை முடியும் வரைக்கும் கழட்டாதேங்கோ, காத்துப் பட்டாக் காஞ்சிடும்."

எவ்வளவு ஆசையாக நட்டேன்! எங்கள் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்று மண்ணை மேடாக்கினேன். ஏப்ரிகொட் மிக முந்திப் பூக்கிற மரம், பின்பனி ஒருநாள் விழுந்தாலே பூ கருகி அந்த வருடப் பழம் போய்விடும். அதனால் சீக்கிரம் சூடேறுகிற தெற்குச் சுவரோரத்தை விட்டு வேறு இடம் பார்த்து வைத்தேன்.

ஒன்று துளிர்க்கவே இல்லை. நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சையே இல்லை, முழுக்க மண்ணிறம். மற்றது இலை விட்டது, ஆனால் நீளமாய், ஒடுக்கமாய். ஏப்ரிகொட் இலை அரச இலை மாதிரி அகலமாக, காம்பு சிவந்து இருக்க வேண்டும். கத்தரிக்கோலால் டேப்பை வெட்டினேன். ஒட்டே இல்லை! வளைவு இல்லை, தடிப்பு இல்லை, வெட்டுத் தழும்பு இல்லை, நிலத்திலிருந்து நுனி வரை ஒரே தண்டு. கொட்டையில் முளைத்த பீச் கன்றுக்கு டேப்பைச் சுற்றி 140 டொலருக்குத் தலையில் கட்டியிருக்கிறார். செத்த கன்றிலும் அதே டேப், அதே மொட்டைத் தண்டு.

படம் அனுப்பினேன். "குளிர் அடிச்சிருக்கும் அக்கா." பிறகு "தண்ணி கூடிப்போச்சு." பிறகு "பார்ட்னரிட்டக் கேட்டுச் சொல்லுறன்." கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? "டேப்பைக் கழட்டிட்டீங்கள், இனி உத்தரவாதம் செல்லாது." அதற்குப் பிறகு நீல டிக் மட்டும்தான் வந்தது, இப்போது அதுவும் இல்லை. வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பின காசு, திருப்ப ஏலாது என்கிறார்கள். 280 டொலர்!

எழுதக் கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். விற்பனைக்கு வருகிற கன்றில் ஒட்டு எப்போதோ ஆறியிருக்க வேண்டும், அதனால் டேப்பை அவர் முன்னாலேயே கழற்றிப் பாருங்கோ. முடிந்தால் இலை விட்ட கன்றாக வாங்குங்கோ. ஈ-ட்ரான்ஸ்ஃபரில் முற்பணம் அனுப்பவே வேண்டாம். இந்த வசந்தத்தில் பச்சை டேப் சுற்றின கன்று வாங்கின ஆக்கள் இன்றைக்கே வெட்டிப் பார்த்து எனக்குச் சொல்லுங்கோ, சேர்ந்து முறைப்பாடு கொடுப்போம்.