மூன்று குளிர்காலம், நான்கு விரிப்புகள்: ரக் ஹூக்கிங்கில் எங்கள் அனுபவம்

தில்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் மொசைக் தரைதான். ஜனவரி காலையில் கட்டிலை விட்டு இறங்கி அதில் கால் வைத்தால் உச்சந்தலை வரை சில்லென்று ஏறும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பரில், கட்டிலுக்குப் பக்கத்தில் போட ஒரு கம்பளி விரிப்பை நாமே செய்து பார்ப்போமே என்று ஆரம்பித்தது இது. இதுவரை நான்கு விரிப்புகள் முடித்திருக்கிறோம். ஐந்தாவது இப்போது துணியை இழுத்துக் கட்டும் சட்டத்தில் இருக்கிறது. அந்த நான்கில் இரண்டு இன்றும் தினமும் மிதிபடுகின்றன. ஒன்று கிழிந்துபோனது. ஒன்றை நாங்களே தரையிலிருந்து எடுத்துவிட்டோம். முடித்த அன்று எல்லா விரிப்பும் அழகாகத்தான் இருக்கும். மிதித்து, துவைத்து, ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகுதான் எதில் தப்பு செய்தோம் என்று தெரிகிறது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர். மேல்மாடி மாமிக்கு எழுபது வயது; கல்யாணமாகி தில்லிக்கு வந்தவர், இங்கேயே நிலைத்துவிட்டார். எதிர் பிளாக்கில் சேலத்து அக்கா, ரவிக்கைக்கு ஆரி வேலை செய்து கொடுப்பவர். திருநெல்வேலியிலிருந்து வந்து நொய்டாவில் வேலை பார்க்கும் ஒரு பெண், எங்களுக்குத் தங்கை மாதிரி. அப்புறம் நான். சனிக்கிழமை மூன்று மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை போகும்.

ரக் ஹூக்கிங் என்றதும் பலரும் லாட்ச் ஹூக் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. அதில் துண்டு துண்டாக வெட்டிய நூலை ஒவ்வொன்றாக முடிச்சுப் போடுவார்கள். இதில் முடிச்சே கிடையாது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய சணல் துணி. மேலே வலது கையில் கொக்கி, அடியில் இடது கையில் கால் அங்குல அகலத்தில் வெட்டிய கம்பளிப் பட்டை. கொக்கியைத் துணியின் இடைவெளியில் விட்டு, அடியில் இருக்கும் பட்டையைக் கால் அங்குல உயரத்துக்கு மேலே இழுத்தால் ஒரு வளையம். ஒன்றிரண்டு இழை தள்ளி அடுத்த வளையம். வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதால்தான் விரிப்பு பிரியாமல் இருக்கிறது. முதலில் எனக்கு இதில் நம்பிக்கையே வரவில்லை. முடிச்சில்லாமல் எப்படி நிற்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நெருக்கமாக வளையம் போட்ட இடத்தில் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு இறுகிக் கிடக்கிறது என்று புரிந்தது.

இது 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மெயின் மாநிலம், கனடாவின் நோவா ஸ்கோஷியா போன்ற அட்லாண்டிக் கரையோரப் பகுதிகளில் வளர்ந்த கைவேலை. குளிர் நாடு, கையில் காசு குறைவு. தானியம் வந்த சாக்கைப் பிரித்து அடித்துணி ஆக்கினார்கள், கந்தலான கம்பளி உடுப்பைக் கீறிப் பட்டை ஆக்கினார்கள். மெயினில் எட்வர்ட் சாண்ட்ஸ் ஃப்ராஸ்ட் என்று தகரச் சாமான் விற்ற ஒருவர், 1860களின் கடைசியில் உலோகத் தகட்டில் அச்சு வெட்டி, சாக்குத்துணியில் பூவும் மிருகமும் பதித்து விற்க ஆரம்பித்தார். நியூஃபவுண்ட்லாந்தில் கிரென்ஃபெல் மிஷன் என்ற மருத்துவ அமைப்பு, பழைய பட்டுக் காலுறைகளை நன்கொடையாக வாங்கிச் சாயம் போட்டு, மீனவக் குடும்பத்துப் பெண்களிடம் கொடுத்து விரிப்பு செய்யவைத்து விற்றது. அந்தக் காலத்துச் சாக்குகளுக்கான சணல் பெரும்பாலும் வங்காளத்தில் விளைந்து கப்பலில் போனது. இதை மாமியிடம் சொன்னபோது, “அப்போ பாதி ரக் நம்ம ஊருதுதானேடி” என்றார். அன்றிலிருந்து எங்களுக்கும் இது அந்நியமான வேலையாகத் தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய சொந்தத்தைக் காட்டியவர் சேலத்து அக்கா. நாங்கள் மூன்று பேரும் முதல் நாள் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவர் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, “இது ஆரிதான் கண்ணு” என்றார். உண்மைதான். ஆரியிலும் ஊசி மேலே, நூல் அடியில். இடது கைதான் அடியிலிருந்து நூலைக் கொக்கிக்கு ஊட்டும். கொக்கி தேடிப்போய் நூலைப் பிடிப்பதில்லை, கை கொண்டுபோய்க் கொடுக்கிறது. இதை அவர் சொன்ன பிறகுதான் எங்கள் வளையங்கள் ஒரே உயரத்தில் வர ஆரம்பித்தன. அவருக்கோ வேறு தொல்லை. பழக்க தோஷத்தில் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் அடுத்ததை விட்டுச் சங்கிலி போட்டுக்கொண்டே போனார். சங்கிலி போடாமல் வளையத்தைத் தனியாக நிற்க விடுவதற்கு அவருக்கு மூன்று சனிக்கிழமை ஆயிற்று.

சட்டத்துக்கு அவருடைய ஆரி ஸ்டாண்டையே எடுத்துக்கொண்டோம். கொக்கி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலை கட்டுப்படியாகவில்லை. தடிமனான எஃகு குரோஷா ஊசியைப் பாதியாக அறுத்து, தச்சரிடம் கொடுத்து ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியில் செருகி வாங்கினோம். உள்ளங்கைக்குள் உருண்டையாக உட்காரும் கைப்பிடி முக்கியம். மெலிந்த குரோஷா ஊசியை அப்படியே பிடித்து இரண்டு மணி நேரம் இழுத்தால் மறுநாள் கட்டைவிரல் மடங்காது. மூன்று வருஷமாக அதே கொக்கிதான், ஒரு குறையும் இல்லை.

கம்பளிக்குத்தான் அலைந்தோம். தில்லியில் எல்லா வீட்டிலும் பீரோ நிறைய ஸ்வெட்டர் இருக்கும். ஆனால் நாம் கம்பளி என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பாலும் காஷ்மிலான், அதாவது அக்ரிலிக். மாமி தன் பெட்டியிலிருந்து பதினோரு ஸ்வெட்டர் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் ஓர் இழை பிடுங்கி, பழைய தட்டில் வைத்து தீக்குச்சி காட்டினோம். கம்பளி என்றால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், மிஞ்சும் சாம்பல் விரலில் தேய்த்தால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பாகக் கெட்டிமணி போல நின்றுவிடும். பதினொன்றில் மூன்றுதான் தேறியது. தேறிய மூன்றும் மாமி முப்பது வருஷத்துக்கு முன் கையால் பின்னியவை. வெட்டலாமா என்று நாங்கள் தயங்க, “பீரோவில் பூச்சி தின்கிறதுக்கு இது மேல்” என்று அவரே கத்தரியை எடுத்தார்.

அது போதவில்லை. விரிப்பின் பரப்பைப் போல நான்கைந்து மடங்கு துணி பிடிக்கும். இரண்டடிக்கு மூன்றடி விரிப்பு ஒன்றுக்கு மூன்று நான்கு பெரிய ஸ்வெட்டர் கரைந்துவிடும். அப்போதுதான் ரகுபீர் நகர் போனோம். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர்கள் தெருத்தெருவாகச் சேர்த்ததைக் கொண்டுவந்து விற்கும் சந்தை அது. விடியுமுன்னே கூடி, வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடும். இருட்டில் டாக்சியில் போய், கைபேசி வெளிச்சத்தில் குவியல் குவியலாகத் துழாவினோம். தங்கைக்குத் தொட்ட உடனே தெரிந்துவிடுகிறது. கம்பளி கையில் கொஞ்சம் உறுத்தும், அக்ரிலிக் வழுக்கும் என்பாள். அந்தச் சந்தையில் இரண்டு மணி நேரத்தில் ஒரு வருஷத்துக்கு வேண்டியது கிடைத்தது.

வாங்கியதை வெந்நீரில் சோப்புப் போட்டு மெஷினில் சுற்றவிட வேண்டும். பின்னல் சுருங்கி, இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டித் துணி போல ஆகிவிடும். அதற்கப்புறம் வெட்டினால் விளிம்பு பிரியாது. இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு வெட்டினால் பட்டை கையிலேயே நூலாகக் கழன்றுவிடும். வெட்டும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். பஞ்சுத் தூசி பறக்கும். தில்லிக் காற்றில் அதுவும் சேர்ந்தால் இருமல் நிச்சயம்.

இனி ஒவ்வொரு விரிப்பும் எப்படி உழைத்தது என்று சொல்கிறேன்.

முதல் விரிப்பு மாமியின் ஸ்வெட்டர்களில் செய்தது. புது ஆர்வத்தில் ஒரு இடைவெளி விடாமல் வளையத்தை அடைத்தோம். சட்டத்திலிருந்து எடுத்ததும் அப்பளம் பொரிந்த மாதிரி வளைந்து நின்றது. ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்ததில் ஓரளவு படிந்தது. எல்லா இடைவெளியிலும் வளையம் வேண்டாம், அடுத்தடுத்த வளையங்கள் தோள் உரசி நின்றால் போதும். இந்த ஒன்றை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் பத்து நாள் வேலை மிச்சமாகியிருக்கும். ஆனாலும் இன்றைக்கும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடப்பது அதுதான். வளையங்கள் மேலே கொஞ்சம் மழுங்கியிருக்கின்றன, ஒன்றுகூடக் கழலவில்லை.

இரண்டாவது பனியன் துணியில். பழைய டி-ஷர்ட்டைப் பட்டையாக வெட்டி இழுத்தால் சுருண்டுகொள்ளும், விளிம்பு பிரியாது, செலவும் இல்லை. செய்யும்போது கம்பளியைவிட எளிது. ஆனால் ஒரு வருஷத்தில் தரையோடு தரையாகப் படிந்துவிட்டது. கம்பளி மிதித்தால் அமுங்கி மறுபடி எழும்பும், பருத்தி அப்படியே படுத்துவிடும். முதல் துவைப்பில் சிவப்புச் சாயம் இறங்கி வெள்ளையெல்லாம் ரோஸ் ஆனது தனி வருத்தம். சாயம் போகும் துணியைத் தண்ணீர் தெளியும்வரை அலசிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அந்த விரிப்பைக் கீழேயிருந்து எடுத்துச் சோபாவின் முதுகில் போட்டுவிட்டோம். அங்கே நன்றாக இருக்கிறது.

மூன்றாவதுதான் கிழிந்தது. இணையத்தில் வாங்கிய ஒரு கிட்டில் வந்த சணல் துணி அது. தொட்டாலே தூள் கொட்டியது, அப்போதே தூக்கிப் போட்டிருக்க வேண்டும். அதோடு, ஹோலி முடிந்து ஸ்வெட்டர்களைக் கட்டிவைக்கும்போது இதையும் நான்காக மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். மழைக்காலத்தில் சணல் ஈரம் குடித்து நாற்றம் பிடித்தது. தீபாவளி கழிந்து பிரித்தபோது மடிப்பு நெடுக அடித்துணி முறிந்திருந்தது. இரண்டு மாத உழைப்பு. நான்கு பேரும் ஒன்றும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விரிப்பை மடிக்கவே கூடாது. வளையம் வெளிப்பக்கம் வரும்படி பாய் போலச் சுருட்டி, பழைய வேட்டியில் சுற்றி, அந்துருண்டை போட்டு வைக்க வேண்டும். அடித்துணிக்கு இப்போது லினன்தான் வாங்குகிறோம். விலை கூடத்தான், ஆனால் கம்பளி நிலைத்து அடித்துணி இற்றுப்போனால் அந்தக் கம்பளியால் என்ன பயன்?

நான்காவது, லினனில் முழுக் கம்பளி, மாமி வீட்டு வாசலில். போட்ட இரண்டாம் வாரம் மாமி அதில் வழுக்கி விழப் பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். மொசைக் தரையில் துணி விரிப்பு சறுக்கும் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. மறுநாளே அடியில் ரப்பர் வலை வெட்டிப் போட்டோம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதில்லாமல் விரிப்பே போடாதீர்கள். பின்பக்கம் ரப்பர் பால் பூசினால் போதாதா என்று கேட்பார்கள். வேண்டாம். அது நாளடைவில் காய்ந்து நொறுங்கும், புழுதியையும் பிடித்துவைத்துக்கொள்ளும், பிறகு பழுது பார்க்கவும் முடியாது.

சுத்தம் செய்வது எளிது. உதறக் கூடாது, அடிக்கக் கூடாது. கவிழ்த்துப் போட்டு ஒரு நாள் மேலே நடந்தால் புழுதி தரையில் கொட்டிவிடும். மே மாதத்துப் புழுதிக்காற்றுக்குப் பிறகு நாங்கள் இப்படித்தான் செய்கிறோம். கறை பட்டால் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் சோப்பு நுரை தொட்டு ஒற்ற வேண்டும்.

சேர்ந்து உட்கார்ந்து செய்ய இதைப் போல ஒரு கைவேலை நான் பார்த்ததில்லை. ஸ்வெட்டர் பின்னும்போது எண்ணிக்கை தவறினால் வரிசையே போச்சு, பேச்சு நின்றுவிடும். இதில் எண்ண வேண்டியதில்லை. நடு வளையத்தில் எழுந்துபோய்க் குக்கரை அணைத்துவிட்டு வரலாம். பிடிக்காவிட்டால் பட்டையை இழுத்தால் வந்துவிடும், மறுபடி போடலாம். ஒரே சட்டத்துக்கு இந்தப்பக்கம் இரண்டு பேர், அந்தப்பக்கம் இரண்டு பேர். தங்கை தன் ஊர்க் கதையெல்லாம் சொன்னது இங்கேதான். எதிரெதிரே உட்கார்ந்து கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். கை வேலையாக இருந்ததால் சொன்னாள்.

இப்போது சட்டத்தில் இருப்பது மார்கழிக்காக மாமி வரைந்த சிக்குக் கோலம். சணலோ லினனோ, துணியின் நெசவே கட்டம் போட்ட தாள். இரண்டு இழைக்கு நடுவே பென்சில் முனையை வைத்து இழுத்தால் ஸ்கேல் இல்லாமலே நேர்கோடு வரும். அதில் புள்ளி வைப்பது மாவில் வைப்பதைவிடச் சுலபம். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. சிக்குக் கோலத்தில் இழை எங்கேயும் அறுபடாமல் தன்னையே தாண்டித் தாண்டிப் போகும். ஹூக்கிங்கிலோ பின்பக்கம் ஒரு பட்டை இன்னொன்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அங்கே புடைத்துக்கொண்டு, மிதிபட்டு முதலில் தேயும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு பட்டையை வெட்டி, முனையை மேலே இழுத்து, அந்தப் பக்கத்தில் புதிதாகத் தொடங்க வேண்டும். “இழை அறுந்தா அது கோலமாடி?” என்று மாமி ஒரு வாரம் கொக்கியையே தொடவில்லை. அவர் இல்லாதபோது சேலத்து அக்கா ஒரு மூலையைப் போட்டு, முனைகளை வளையத்தின் உயரத்துக்குக் கத்தரித்து வைத்தார். எங்கே வெட்டினோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. மாமி வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடி, விரலால் கோட்டோடு தடவிக்கொண்டே போய், அறுபட்ட நான்கு இடத்தையும் சரியாகத் தொட்டுக் காட்டினார். காட்டிவிட்டு, “சரி, கொக்கியைக் குடு” என்று உட்கார்ந்தார்.