தோடர் பாட்டியிடம் ஆறு சனிக்கிழமை: எங்கள் பகுதிக் கைவினைக் கூடம்

நான் கோவை வடவள்ளியில் ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி, செய்து பிழைப்பவள். பதினெட்டு வருஷமாக பிளவுஸ் கைகளில் ஜமிக்கியும் ஜர்தோசியும் வைத்துத் தைக்கிறேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் சேர்ந்து நடத்தும் கைவினைக் கூடம் ஒன்று இருக்கிறது. தை மாசம் ஊட்டிப் பக்கத்து மந்து (தோடர் குடியிருப்பு) ஒன்றிலிருந்து, நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களில் எழுபது தாண்டிய பாட்டி ஒருவரை ஒன்றரை மாதம் தங்க வைத்தார்கள். ஆறு சனிக்கிழமை தோடர் பூவேலை வகுப்பு. துணி, நூல் சேர்த்து 1,800 ரூபாய்.

முதல் நாள் வரவேற்பு எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டி தன் பூத்துக்குளியை, தோடர்கள் போர்த்தும் சால்வையை, போர்த்திக்கொண்டுதான் வந்திருந்தார். வெள்ளைத் துணி, அதில் சிவப்பும் கருப்புமாக அவரே போட்ட வேலை. அதன் மேலேயே மில்லில் நெய்த ஜரிகைப் பொன்னாடையைப் போர்த்திவிட்டார்கள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அதை எடுத்து, நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் கூட வந்த பேத்தி முன்னால் வந்து குனிந்தாள். பாட்டி காலைத் தூக்கினார். அவள் நெற்றியை அந்தப் பாதத்தில் வைத்தாள். தோடர்கள் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லும் முறை அது. மேடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கூடம் நடத்தும் அக்காவைப் பாராட்ட வேண்டும். மறுவாரம் மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. முன்அறையைப் பாட்டியிடம் விட்டுவிட்டார். எப்போது தொடங்குவது, யாரை எங்கே உட்கார வைப்பது, எப்போது டீ, எல்லாம் பாட்டி சொன்னதுதான். சம்பளத்தையும் வந்த அன்றே பாதி கொடுத்துவிட்டதாகப் பேத்தி சொன்னாள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. வேறொரு இடத்தில் நான் சொல்லிக்கொடுத்த வகுப்புக்கு நாலு மாசம் அலைந்துதான் காசு வாங்கினேன்.

இனி வேலைக்கு வருகிறேன். ஆரியில் பட்டர் பேப்பரில் டிசைன் வரைந்து, ஊசியால் குத்தி, பவுடர் தேய்த்துத் துணியில் இறக்குவோம். பிறகு ஃபிரேமில் விறைப்பாகக் கட்டினால்தான் கை ஓடும். பாட்டியிடம் டிரேசிங்கும் இல்லை, ஃபிரேமும் இல்லை. துணி மடியில் கிடக்கிறது. இடது கை விரல் துணியின் நெடுக்கு இழையையும் குறுக்கு இழையையும் தடவி எண்ணுகிறது. வலது கை ஊசி அந்த எண்ணிக்கைக்கு நுழைந்து வெளியே வருகிறது. நூலைக் கடைசிவரை இழுக்காமல் துளி விட்டுவிடுவார். அந்தச் சிறு புடைப்புதான் வேலைக்கு மேடு தருகிறது. நான் பழக்கத்தில் சுண்டி இழுத்தேன். என் வரிசை தட்டையாகப் படுத்துவிட்டது. பாட்டி என் துணியை வாங்கி, ஏழாவது வரிசை வரை பிரித்துத் திருப்பிக் கொடுத்தார். 'கண்ணால எண்ணாதே, வெரலால எண்ணு.' அவ்வளவுதான் பாடம்.

இன்னொன்று என்னை உலுக்கியது. நான் பின்பக்கம் என்று ஒதுக்கும் சொரசொரப்பான பக்கம்தான் தோடர்களுக்கு முகப்பு. பதினெட்டு வருஷமாக லைனிங் கொடுத்து மறைத்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

முயல் காது, எருமைக் கொம்பு டிசைன்களைக் கற்றுக்கொடுத்தார். இறந்தவரைப் போர்த்தும் துணிக்கென்று இருக்கும் டிசைனை மட்டும் இங்கே போட மாட்டேன் என்றார். ஒரு பெண் போட்டோவாவது எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்க, அக்கா குறுக்கே வந்து நிறுத்தினார். சரியாகச் செய்தார்.

மூன்றாவது வாரம் என் வாடிக்கையாளர் ஒருவர் இதே சிவப்பு கருப்பில் பிளவுஸ் கைக்குப் போட்டுத் தரச் சொன்னார். நல்ல கூலி. பாட்டியிடமே கேட்டேன். உன் வீட்டுக்குப் போட்டுக்கோ, விக்காதே என்றார். தோடர் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தோடர் நலச் சங்கமும், தமிழக அரசின் கைவினை நிறுவனமான பூம்புகாரும் அதைப் பெற்றவர்களில் உண்டு. பதிவு பெறாதவர்கள் அந்தப் பெயரில் விற்கக் கூடாது. மொத்தமே 2,000 பேர் அளவில் இருக்கிற மக்கள் அவர்கள். மெஷினில் அச்சடித்த நகல் மலிவாகக் கிடைக்கும்போது, மாசக்கணக்கில் எண்ணித் தைத்தவருக்கு என்ன மிஞ்சும்? அந்த வாடிக்கையாளருக்குப் பாட்டியின் பேத்தி நம்பரைக் கொடுத்தேன். ஒரு சால்வைக்கு ஆர்டர் போயிருக்கிறது.

குறையும் உண்டு. பாட்டிக்குக் கொடுத்த அறை மாடியில், படி செங்குத்து. கைப்பிடி பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்க்கவே வயிறு கலங்கும். அடுத்து வருபவருக்காவது கீழே ஒரு அறை ஒழித்துத் தர வேண்டும். வகுப்பில் பதினாலு பேர் அதிகம், எட்டுப் பேர் போதும். பாதிப்பேர் பாட்டியின் கையைப் பார்க்கவே முடியவில்லை. இழை எண்ணும் வேலைக்கு டியூப் லைட் உதவாது.

போகிறவர்கள் சீக்கிரம் போய்க் கிழக்கு ஜன்னல் ஓரம் உட்காருங்கள். கண்ணாடி போடுபவர்கள் மறக்காமல் எடுத்துப் போங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் கருப்பு நூல் தெரியாது.