சமயத் தேர்வுக்கு மனப்பாடமா, எழுதிப் பார்ப்பதா?

இங்கிலாந்தில் பதினாறு வயதையொட்டி எழுதும் ஜிசிஎஸ்இ பள்ளித் தேர்வில், சமயக் கல்விப் பாடத்துக்குப் படிக்கும் பிள்ளைகள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் திண்டாடுகிறார்கள்.

நேரம்: மனப்பாடம் பஸ்ஸில்கூட நடக்கும். எழுதிப் பார்க்க மேசையும் கடிகாரமும் வேண்டும். திருத்தித் தர ஆசிரியரும் கிடைத்தால் நல்லது.

நினைவு: மனப்பாடம் செய்த வேத நூல் மேற்கோள், தேர்வு முடிந்ததும் பறந்துவிடும். எழுதிப் பழகிய வாதம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

மதிப்பெண்: விஷயமே இங்கேதான். 50 சதவீதம் அறிவுக்கும் புரிதலுக்கும், மீதி 50 அலசி மதிப்பிடுவதற்கும். இஸ்லாத்தின் ஐந்து தூண்களை, அதாவது அடிப்படைக் கடமைகளை, தடுமாறாமல் சொல்பவர் முதல் பாதியில் தேறிவிடலாம். ஆனால் ஏக்யூஏ என்ற தேர்வு வாரியத்தின் 12 மதிப்பெண் கேள்வியில், ‘தொழுகையைவிட ஜகாத் (கட்டாய தானம்) முக்கியம்’ என்பதுபோல ஒரு கூற்றைக் கொடுத்தால், இரு தரப்பையும் காரணத்தோடு எழுதி ஒரு முடிவுக்கு வர வேண்டும். நன்றாகப் படிப்பவர்களும் இங்கே சறுக்குவார்கள். தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வந்துவிடுவார்கள். சொந்த மதம் என்றால் இன்னும் மோசம், விடை பிரசங்கமாகிவிடும்!

அடிப்படைச் சொற்களே தெரியாதவர் முதலில் மனப்பாடம் செய்யட்டும். பாடம் தெரிந்தும் மதிப்பெண் ஏறாதவர் எழுதிப் பார்க்கட்டும். அவருக்குத் தலைப்புக்கு இரண்டு மேற்கோள் போதும்.